லட்சத்துக்குக் கமா வராத டெசிமல்ஃபார்மட்

எங்கள் பில்லிங் நூலகத்தில் தொகையை வடிவமைக்கும் கிளாஸ்களுக்கு விளக்கம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. எண்ணைக் கமா போட்டு வடிவமைக்கும் ஜாவாவின் டெசிமல்ஃபார்மட் கிளாஸுக்கு #,##,##0 என்று பேட்டர்ன் (கமா எங்கே வர வேண்டும் என்ற மாதிரி) கொடுத்தால் 12,34,567 வரும் என்று பழைய குறிப்பில் இருந்தது, சரி, எழுதுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று பார்த்தால் 1,234,567 என்று வந்து நின்றது. கடைசிக் கமாவுக்கும் முழு எண்ணின் முடிவுக்கும் உள்ள இடைவெளியை மட்டும்தான் அந்த கிளாஸ் எடுத்துக்கொள்கிறது, முன்னால் இருக்கும் கமாக்களைக் கண்டுகொள்வதில்லை. பல மொழி, நாட்டு வழக்கங்களுக்கான ஐசியு (ICU) என்ற மென்பொருள் நூலகத்தில் அதே பெயரில் உள்ள கிளாஸ் இரண்டாவது இடைவெளியையும் மதிக்கும். இம்போர்ட்டை மாற்றியதும் சரியானது. அப்புறம் விளக்கத்தில் ஒவ்வொரு பேட்டர்னுக்கும் பக்கத்திலேயே வெளியீட்டையும் எழுதி, அதே உதாரணங்களை டெஸ்ட்டாகவும் வைத்துவிட்டேன். இந்த கிளாஸின் ஒரே ஆப்ஜெக்டைப் பல திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பகுதிகள்) பகிரக்கூடாது என்பதை முதல் வரியிலேயே போட்டேன், கீழே எங்கோ கிடந்தால் யாரும் படிப்பதில்லை.