பிடித்த தீவுத் துறைக்கு மறுபடியும் படகில் போகும்போது: புதியவர்களுக்கான செய்முறை

ஒருமுறை போய் மனதுக்குப் பிடித்துப்போன தீவுக் கிராமத்துக்குத் திரும்பப் போவது மாதிரி மகிழ்ச்சி படகுப் பயணத்தில் வேறு இல்லை. ஆனால் "தெரிந்த துறைதானே" என்று அசந்துவிடுவோம், அங்கேதான் ஆபத்து. ஊர் அப்படியே இருக்கும், கடலடி மணல் அப்படியே இருக்காது. ஒரு பெரிய புயல் போதும், போன தடவை ஆழமாக இருந்த வழியில் மணல்திட்டு வந்து நிற்கும்.

1. கிளம்பும் முன்

கடல் வரைபடத்தைப் புதுப்பித்துவிட்டு, மாலுமிகளுக்கான அறிவிப்புகளையும் பாருங்கள். பழைய ஜிபிஎஸ் தடத்தைத் திரையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடாது. அப்புறம் காற்றின் திசை. போன முறை துறை குளம்போல அமைதியாக இருந்தது காற்று மலைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்ததால்தான் என்றால், திசை மாறிய இரவில் அதே இடத்தில் தூங்கவே முடியாது.

2. நுழைவது

பகலில், சூரியன் உயரத்திலும் முதுகுக்குப் பின்னாலும் இருக்கும் நேரத்தில் நுழையுங்கள். மணல் வெளிறித் தெரியும், பாறையும் பவளப்பாரும் பழுப்பாகத் தெரியும். ஓதத்தால் (கடல்நீர் தினமும் ஏறி வற்றுவதால்) நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது போவது நல்லது, தரைதட்டினாலும் ஏறும் தண்ணீரே தூக்கிவிடும். கடலிலிருந்து உள்ளே வரும்போது, வழியின் ஓரத்தைக் காட்டும் சிவப்பு மிதவை உலகின் பெரும்பகுதியில் இடப்பக்கம், அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸில் வலப்பக்கம்.

3. நங்கூரம்

இதில்தான் நிதானம் வேண்டும். முதலில் உங்கள் ஆழமானி நீர்மட்டத்திலிருந்து அளக்கிறதா, கீலுக்கு (படகின் அடியில் நீளவாக்கில் இருக்கும் அடிக்கட்டைக்கு) கீழே உள்ளதை மட்டும் காட்டுகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் ஆழம், இன்னும் 2 மீட்டர் நீர் ஏறும், படகின் முன்முனை தண்ணீருக்கு மேலே 1 மீட்டர் என்று வையுங்கள். மொத்தம் 7. நங்கூரத்தோடு இணைந்திருப்பது முழுக்கச் சங்கிலி என்றால் அதன் 5 மடங்கு, அதாவது 35 மீட்டர் விட வேண்டும். பெரும்பாலும் கயிறு என்றால் 7 மடங்கு, 49 மீட்டர். நீர் வற்றும்போது கீலுக்குக் கீழே எவ்வளவு மிஞ்சும் என்பதையும் கூடவே கணக்குப் போடுங்கள்.

மணலிலும் சேற்றிலும் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். கடற்புல் கரும்பச்சைத் திட்டாகத் தெரியும், அங்கே போடாதீர்கள்: பிடிப்பும் சரியாக இருக்காது, புல்லும் வேரோடு பிய்ந்துபோகும். நங்கூரம் தரையைத் தொட்டதும் படகை மெல்லப் பின்னால் நகரவிட்டு, சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், கடைசியில் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள். கரையில் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருட்களை, ஒரு கோபுரமும் ஒரு மரமும் என்றாலும் சரி, பக்கவாட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. ஏற்கெனவே நிற்கும் படகு சுழல இடம் விடுவது பின்னால் வந்தவரின் பொறுப்பு.

4. கரைக்கு

தீவு வேறு நாடு என்றால் நுழைவு அனுமதி கேட்கும் அடையாளமான மஞ்சள் கொடியை ஏற்றி, அனுமதி கிடைத்த பிறகே இறங்குங்கள். கரைக்குப் போகும் சிறுபடகை மெதுவாக ஓட்டுங்கள், அலை எழுந்தால் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர்களுக்குத் தொந்தரவு. எங்கே கட்டலாம், எங்கே வலை போட்டிருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள், எந்த வரைபடத்தையும்விட அவர்கள் சொல்வது புதிது. கட்டும் கயிற்றை நீளமாக விடுங்கள், இல்லையென்றால் நீர் வற்றியதும் சிறுபடகு படித்துறையில் தொங்கிக்கொண்டிருக்கும்.