முள் வேலை செய்யாத பைக்கில் பெட்ரோல் கணக்கு

பெட்ரோல் அளவு காட்டும் முள் வேலை செய்யாத பழைய பைக்குக்குப் பெட்ரோல் டேப்தான் கணக்குப்பிள்ளை. டேங்குக்குள் அதற்கு இரண்டு வாய்: ‘ஆன்’ குழாய் உயரமாக நிற்கும், ‘ரிசர்வ்’ துளை அடியில் இருக்கும். மட்டம் குழாய்க்குக் கீழே இறங்கியதும் வண்டி திணறும். அணைவதற்குள் ரிசர்வுக்குத் திருப்புங்கள். பெட்ரோல் போட்ட கையோடு மறுபடி ‘ஆன்’. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மறந்தால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் நடுரோட்டில் நிற்கும்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் விழுந்ததும் அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். 400 கி.மீ.க்கு 8 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 50. இனி 350-லேயே பங்க் பாருங்கள். வேதாரண்யம் தாண்டி கோடியக்கரைக்கு இரவில் போகிறவர்கள் அதற்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டேங்க் மூடி ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் இறங்கி அடியில் தங்கும். ரிசர்வில் மட்டும் வண்டி அணைகிறதா? டேப்பை மூடி, கார்புரேட்டர் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி வடித்துப் பாருங்கள்.