வெள்ளத் தடுப்புக் கரைகள்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன மாதம் ஓர் இளம் பொறியாளர் தன் முதல் கரை வடிவமைப்பை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். கணக்கில் பிழை இல்லை, வரைபடங்களும் நேர்த்தி. ஆனால் மண்ணின் பலம் என்று ஒரே ஓர் எண்தான் எழுதியிருந்தார். 2 கிலோமீட்டர் கரைக்கு ஒரே எண். 22 வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். இந்த வருடத்தில் மட்டும் அந்தத் தவறை மூன்று பேரிடம் பார்த்துவிட்டேன்.

இந்தத் துறைக்கு வருகிற எல்லோருக்கும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கதை தெரியும். 2005 ஆகஸ்ட் 29இல் கேத்ரினா சூறாவளி தாக்கியது, நகரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் மூழ்கியது. புயல் பெரிது, கரை சிறிது, அதனால் தண்ணீர் வந்துவிட்டது என்றே பலரும் மனதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே மிக மோசமான உடைப்புகளில் சில, தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடாமலே நடந்தவை. இதைச் சொல்லும்போது இன்னமும் ஆச்சரியப்படுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கரைமேல் மரம் வளர விடக்கூடாது, எலி வளையை அடைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

உயரத்தை ஒருமுறை அளந்ததோடு நிறுத்துவது

கரை 15 அடி என்றால், எதிலிருந்து 15 அடி? நியூ ஆர்லியன்ஸில் நிலமே மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது. உயரம் அளக்க வைத்திருந்த அடையாளக் கற்களும் நிலத்தோடு சேர்ந்து இறங்கின. பழைய அளவை நம்பிக் கட்டியதில், சில சுவர்கள் காகிதத்தில் இருந்த உயரத்தைவிட 2 அடிக்கும் மேல் தாழ்ந்திருந்தன. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டுத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

மண்ணின் பலத்துக்குச் சராசரி போடுவது

சரி, என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு இதுதான்.

நியூ ஆர்லியன்ஸில் 17ஆம் தெருக் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. பம்புகள் இறைக்கும் மழைநீரை வடக்கே பொன்சர்ட்ரெய்ன் ஏரிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. புயல் ஏரியின் மட்டத்தை உயர்த்தியதும் ஏரிநீர் அதே கால்வாய் வழியாக ஊருக்குள் ஏறி வந்தது. கால்வாயின் இரு பக்கமும் மண்கரை. கரையின் உச்சியில் இரும்புத் தகடுகளை வரிசையாக அடித்து இறக்கி, அவற்றின் தலையில் கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள். நீர் சுவரின் உச்சிக்கு நான்கைந்து அடி கீழே நின்றபோதே, லேக்வியூ குடியிருப்புப் பக்கம் சுமார் 450 அடி நீளத்துக்குக் கரை போய்விட்டது. கான்கிரீட் முறிந்து நடந்ததில்லை இது. சுவரும் அதன் பின்னாலிருந்த மண்ணும் சேர்ந்து வீடுகளின் பக்கமாக வழுக்கிக்கொண்டு போயின. வழுக்கிவிட்டது கரைக்கு அடியில் இருந்த மென்களி.

ஒருகாலத்தில் அந்த இடம் சதுப்பு நிலம். மட்கிய செடிகொடிகள் கலந்த மண், அதற்குக் கீழே சேறு மாதிரியான களி. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு விதமாகச் சராசரி போட்டிருந்தார்கள். தள்ளித் தள்ளித் துளையிட்டு எடுத்த மாதிரிகளின் அளவுகளைச் சேர்த்து நடுவில் ஒரு கோடு போட்டது ஒன்று. உடைந்த இடத்து மண் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. இன்னொன்றுதான் புதியவர்கள் கண்ணில் படுவதே இல்லை. கரை உச்சிக்கு நேர் கீழே இருக்கும் களி, கரையின் பாரத்தால் வருடக்கணக்காக அமுங்கி இறுகியிருக்கும். கரையின் அடிவாரத்தில், வீட்டு வேலி ஓரத்தில், மேலே பாரமே இல்லை. அங்கே அதே களி இளகலாகத்தான் கிடக்கும். கரை வழுக்கத் தொடங்கினால் எதிர்த்து நிற்க வேண்டியது அந்த அடிவாரத்துக் களிதான். உச்சிக்குக் கீழே எடுத்த பலத்தை அதற்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், இல்லாத பலத்தை எழுதிவிட்டோம் என்று பொருள்.

அந்தச் சுவர்களுக்கு வைத்திருந்த பாதுகாப்புக் காரணி, அதாவது தள்ளும் விசையைவிடத் தாங்கும் பலம் எத்தனை மடங்கு என்ற எண், 1.3. ஆக, நாம் நினைத்ததைவிட மண் கால்வாசி பலவீனமாக இருந்தாலே கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை. மென்களியில் கால்வாசி வித்தியாசம் என்பது சில பத்து அடி நகர்ந்தாலே வந்துவிடும்.

அப்புறம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நீரின் அழுத்தத்தில் சுவர் லேசாகச் சாய்ந்தவுடன், கால்வாய்ப் பக்கம் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி திறந்தது. நீர் அதற்குள் இறங்கி இரும்புத் தகட்டை அடிவரைக்கும் தள்ளியது. கால்வாய்ப் பக்கத்து மண்ணால் ஒரு பயனும் இல்லாமல் போய், மீதிப் பாதிக் கரை தனியாக நின்று தாங்க வேண்டியதாயிற்று. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1985இலேயே லூசியானாவில் இப்படியொரு தகட்டுச் சுவரைக் கட்டி, நீர் ஏற்றிச் சோதித்துப் பார்த்திருந்தது. இடைவெளி திறக்கும் என்பதற்கான தடயம் அந்த அளவுகளில் இருந்தது. கட்டிய சுவர்களின் கணக்கில் அது ஏறவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது துளைகளில் எட்டு நன்றாக இருந்தன, ஒன்று மட்டும் மிகவும் குறைவு. மாதிரி எடுக்கும்போது மண் கலைந்திருக்கும் என்று ஒரு குறிப்பு எழுதி அதை நீக்கிவிட்டுச் சராசரி போட்டேன். என் மூத்த பொறியாளர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னை அந்த ஒன்பதாவது துளை இருந்த இடத்துக்கே கூட்டிப்போனார். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தும் கால் கணுக்கால்வரை புதைந்தது. "இங்கே நின்றுகொண்டு உங்கள் எண்ணைச் சொல்லுங்கள்" என்றார். என்னால் வாய் திறக்க முடியவில்லை. பழைய நில வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூடிப்போன ஓடை ஒன்று கரையைச் சரியாக அந்த இடத்தில் குறுக்கே கடந்திருந்தது.

அதனால், குறைவாக வரும் அளவைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் இரு பக்கமும் இன்னும் நெருக்கமாகத் துளை போடுங்கள். உச்சியில் ஒன்று எடுத்தால் அடிவாரத்தில் ஒன்று எடுங்கள். பழைய வரைபடங்களில் ஓடை, குட்டை, சதுப்பு எங்கே இருந்தன என்று பாருங்கள். கரையோரம் குடியிருப்பவர்கள் "இங்கே எப்போதும் ஈரமாகவே இருக்கும்" என்றால் குறித்துக்கொள்ளுங்கள். கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் வையுங்கள்.

களி இல்லாத இடம் என்றால் நிம்மதியா? அதே நகரத்தில் லண்டன் அவென்யூ கால்வாயில் கரைக்கு அடியில் மணல். அங்கே நீர் மணல் வழியாகக் கீழே புகுந்து கரையின் பின்பக்க மண்ணைத் தூக்கியது. இரண்டு இடங்களில் உடைந்தது. அங்கேயும் நீர் சுவரைத் தாண்டவில்லை.

சேருமிடத்தை யாரும் பார்க்காமல் விடுவது

மண்கரையை ஒருவர் வரைவார், சுவரை இன்னொருவர், மதகை மூன்றாவது ஆள். இவை ஒன்றோடொன்று சேருகிற இடம் யாருடைய வரைபடத்திலும் முழுதாக இருக்காது. ஆர்லியன்ஸ் அவென்யூ கால்வாயில் சுவர்கள் உடையாமல் நின்றன. ஆனால் பம்பு நிலையத்துக்குப் பக்கத்தில் சுவர் கட்டி முடிக்காமல் பல அடி தாழ்வாக விட்டிருந்த இடம் ஒன்று இருந்தது. தண்ணீர் அதன் வழியாக ஊருக்குள் போனது. இன்னோரிடத்தில், தண்டவாளம் கரையைக் கடக்கும் இடத்துக் கதவு ரயில் தடம்புரண்டதில் சேதமாகியிருந்தது. புயல் வந்தபோது கதவுக்குப் பதிலாக மணல் மூட்டைகள். அவை நிற்கவில்லை.

நீர் தாண்டாது என்று எண்ணிக் கட்டுவது

தாண்டும். இண்டஸ்ட்ரியல் கால்வாயில் சுவரைத் தாண்டி விழுந்த நீர், சுவரின் பின்பக்க மண்ணை அரித்துப் பள்ளம் பறித்தது. பிடிமானம் போனதும் சுவர் சாய்ந்து, லோயர் நைன்த் வார்டு என்ற குடியிருப்புப் பகுதி மக்களுக்குத் தப்பிக்க நேரமே கிடைக்கவில்லை. நீர் விழும் இடத்தில் கான்கிரீட் தளமோ கல் பாவியதோ இருந்தால், சிறிது நேரம் வழிந்தாலும் சுவர் நிற்கும். வழிந்தால் ஊர் நனையும், உடைந்தால் ஊர் போய்விடும்.

கையில் கிடைத்த மண்ணைக் கரையாக்குவது

மணலும் சிப்பியும் கலந்த கரை அலையில் கரைந்துவிடும்.

மீதியை அடுத்த வருடம் முடிக்கலாம் என்பது

1965இல் பெட்ஸி சூறாவளிக்குப் பிறகு ஒப்புதல் கிடைத்த நியூ ஆர்லியன்ஸ் வெள்ளத் தடுப்புத் திட்டம், 2005இல் கேத்ரினா வந்தபோதும் முடிந்திருக்கவில்லை.

ஜெனரேட்டரை மேலே வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது

2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன, அது மூழ்கியது. ஊழியர்கள் எரிபொருளைப் படிக்கட்டு வழியாகக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள்.

அந்த இளம் பொறியாளரை அடிவாரத்தில் ஆறு துளைகள் போட்டுவிட்டு வரச் சொன்னேன். நேற்று அளவுகளோடு வந்தார். நான்கு இடத்தில் அவர் எழுதிய எண்ணில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது, ஒரு இடத்தில் பாதிகூட இல்லை. அந்த ஓர் இடத்தில் இன்னும் நெருக்கமாகத் துளை போட, நான் கேட்பதற்கு முன்பே, ஆட்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.