நீதிபதியின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை: ஜான் மார்ஷல் ஹார்லனை முன்வைத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நீதிபதி ஒருவரைப் பற்றி எழுத முற்படுவோர், அவருடைய புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, அவர் பிறந்ததும் படித்ததும் அத்தீர்ப்பை எழுதுவதற்காகவே என்பதுபோல் எழுதிவிடுவதுண்டு. ஜான் மார்ஷல் ஹார்லனுக்கு (1833–1911) இந்த அநீதி அடிக்கடி நேர்ந்திருக்கிறது. 1896-இல் கறுப்பினத்தவருக்கு ரயிலில் தனிப் பெட்டி என்ற சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்ற பிளெசி எதிர் பெர்குசன் வழக்கில், இனப்பிரிவினையை எதிர்த்துத் தனியொருவராக நின்ற அவரை முழுமையாக அறிய விரும்புவோர், வரலாற்றை முன்னிருந்து பின்னாகக் கட்டி எழுப்ப வேண்டும்.

முதலில் தீர்ப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுகளை வரிசைப்படுத்துங்கள். அன்றைய அமெரிக்க நீதிபதிகள் பலர் அரசியலில் இருந்து வந்தவர்கள். தேர்தல் களத்தில் அவர்கள் பேசியவை பின்னாளைய தீர்ப்புகளுக்கு முன்னுரையாகவோ முரணாகவோ அமையும். ஹார்லன் கென்டக்கி மாநிலத்தில், அடிமைகளை வைத்திருந்த ஒரு வழக்குரைஞரின் மகனாகப் பிறந்தார். அவரும் அடிமைகளை வைத்திருந்தார். உள்நாட்டுப் போரில் 10-ஆவது கென்டக்கி காலாட்படையைத் திரட்டி, பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கு எதிராக ஒன்றிய அரசின் பக்கம் போரிட்டார். ஆனால் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனத்தையும், அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தத்தையும் வெளிப்படையாக எதிர்த்தார். பின்னர் குடியரசுக் கட்சியில் சேர்ந்து, 1871-இலும் 1875-இலும் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். பழைய நிலைப்பாட்டை எதிரிகள் சுட்டிக்காட்டியபோது, முரணற்றவன் என்பதைவிடச் சரியான பக்கம் நிற்பவன் என்று பெயர் எடுப்பதே மேல் என்ற பொருளில் பதிலளித்தார்.

இந்த மாற்றத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். போருக்குப் பின் கென்டக்கியில் கறுப்பின மக்கள்மீது நடந்த வன்முறையும், கட்சி அரசியலின் கணக்கும், அவருடைய ஆழ்ந்த பிரஸ்பிட்டேரியன் (சீர்திருத்தக் கிறித்தவப் பிரிவு) சமயப் பற்றும் சேர்ந்தே இதில் இருந்திருக்கலாம். 1876-இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் கென்டக்கிப் பேராளர்களின் ஆதரவு அதிபர் வேட்பாளராக ரதர்போர்டு ஹேய்சுக்குத் திரும்ப ஹார்லன் உதவியதும், அடுத்த ஆண்டே அதிபர் ஹேய்ஸ் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்ததும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அதை மறைக்காமல் எழுதுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது.

அடுத்துத் தீர்ப்புகளுக்கு வரலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளில் ஒவ்வொரு வழக்கும் தொகுதி எண், பக்க எண் ஆகியவற்றால் குறிக்கப்படும். பிளெசி வழக்கு 163-ஆவது தொகுதியில் 537-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. எந்தத் தீர்ப்பை எடுத்தாலும் அதை எழுதியவர் யார், உடன்பட்டவர்கள் எத்தனை பேர், மாறுபட்டவர் யார், விலகி நின்றவர் யார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிளெசி வழக்கில் ஒரு நீதிபதி பங்கேற்காததால் முடிவு ஏழுக்கு ஒன்று என்று அமைந்தது.

தீர்ப்புக்கு முன்னால் தொகுப்பாளர் எழுதிச் சேர்க்கும் சுருக்கமான தலைக்குறிப்பைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. 1886-ஆம் ஆண்டின் சாண்டா கிளாரா வழக்கில் இருப்புப்பாதை நிறுவனத்தின் வேலிகளுக்கு வரி விதித்தது பற்றிய தீர்ப்பை எழுதியவர் ஹார்லன்தான். அனைவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை உறுதிசெய்யும் 14-ஆவது சட்டத்திருத்தம் நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்ற புகழ்பெற்ற கருத்து, தலைமை நீதிபதி வெயிட் வாய்மொழியாகக் கூறியதைத் தொகுப்பாளர் தலைக்குறிப்பில் சேர்த்ததால் வந்தது. ஹார்லன் எழுதிய தீர்ப்பு அக்கேள்வியை முடிவு செய்யவேயில்லை.

பிறகு, பிளெசி வழக்கில் பெரும்பான்மைக்கு எதிராக ஹார்லன் எழுதிய புகழ்பெற்ற மாறுபட்ட தீர்ப்பை முழுவதுமாகப் படியுங்கள். நம் அரசியல் சாசனம் நிறம் பாராதது, குடிமக்களிடையே வகுப்புகளை அது அறியாது, பொறுக்காது என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவர். பெரும்பான்மைத் தீர்ப்பு, அடிமை முறைக்கு அரண் செய்த டிரெட் ஸ்காட் தீர்ப்புக்கு நிகரான கேட்டை விளைவிக்கும் என்று அவர் எச்சரித்ததும் அதே தீர்ப்பில்தான். அதிலேயே, குடியுரிமை பெற அனுமதிக்க முடியாத அளவுக்கு வேறுபட்ட இனம் என்று சீனர்களைக் குறிப்பிடும் பகுதியும் உண்டு. இதை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு அரைகுறையானது. 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில், அமெரிக்க மண்ணில் பிறந்த சீனப் பெற்றோரின் மகனுக்குக் குடியுரிமை உண்டு என்ற முடிவை எதிர்த்த தரப்பில் அவர் சேர்ந்தார். 1899-இல் கம்மிங் வழக்கில், ஜார்ஜியாவின் ஒரு மாவட்டம் வெள்ளையருக்கு உயர்நிலைப் பள்ளி வசதியைத் தொடர்ந்தபடியே கறுப்பின மாணவர்களின் உயர்நிலைப் பள்ளியை மூடியதை ஏற்ற ஒருமனதான தீர்ப்பை எழுதியவரும் அவரே. என் கருத்தில், பிளெசியையும் கம்மிங்கையும் அருகருகே வைத்துப் படிக்காமல் ஹார்லனைப் பற்றி ஒரு பத்தியும் எழுதக் கூடாது.

குடும்பத்தார் கூறும் நிகழ்ச்சிகளைப் பயன்படுத்தும்போது, சொல்பவர் யார் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். 1883-இல், பொது இடங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிய குடிமை உரிமை வழக்குகளில் மாறுபட்ட தீர்ப்பை எழுத முடியாமல் அவர் தவித்தபோது, டிரெட் ஸ்காட் தீர்ப்பை எழுத நீதிபதி டேனி பயன்படுத்திய மைக்கூட்டை மனைவி மால்வினா தேடியெடுத்துத் துடைத்து அவருடைய மேசைமேல் வைத்தார் என்ற செய்தி, மால்வினாவே பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவுகளில் இருந்து வருகிறது. மதிப்புள்ள சான்றுதான், ஆனால் நீதிமன்ற ஆவணத்துக்குச் சமமானதன்று.

இறுதியாக, கிடைக்கும் ஒவ்வொரு மேற்கோளின் ஆண்டையும் சரிபாருங்கள். இதே பெயர் கொண்ட அவருடைய பேரனும் 1955 முதல் 1971 வரை அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். 1911-க்குப் பிந்தைய ஆண்டு கொண்ட தீர்ப்பு எதுவும் பாட்டனாருடையதாக இருக்க முடியாது.