தோட்டத்து மேடைக்கு நையாண்டி எழுதுவது எப்படி?

மலேசியாவில், தோட்டத் தொழிலாளர்கள் வாழும் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் கோயில் திருவிழா மேடைக்கு ஒரு சின்ன நாடகம் எழுதித் தரச் சொன்னால், அந்த வாய்ப்பை விடாதீர்கள். நம் வறுமையையும் நமக்கு நடக்கும் அநியாயத்தையும் ஊரே கூடியிருக்கும்போது சொல்ல முடியும். இதுவரை எழுதிப் பழகாதவர்களுக்காக இந்தச் செய்முறை.

1. ஒரே ஒரு குறையை எடுங்கள்

‘வறுமை’ என்று எழுத உட்கார்ந்தால் பேனா நகராது. லயத்துக் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) குழாயில் கலங்கலாக வரும் தண்ணீரை எடுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். குழாய் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டியிருப்பார்கள். அவிழ்த்துப் பிழிந்தால் செம்மண் கரைந்து வரும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை பழுப்பேறியிருக்கும். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், யார் பொறுப்பு என்று தேடுங்கள். தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி தண்ணீரும் மின்சாரமும் கொடுக்க வேண்டும், வீட்டையும் பராமரிக்க வேண்டும் என்று 1990-இல் வந்த தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் சொல்கிறது. ஆக, நல்ல தண்ணீர் யாரும் போடும் பிச்சை இல்லை. இது தெரிந்தால்தான் யாரைக் கேட்பது என்று புரியும்.

2. ஏழையைக் கேலி செய்யாதீர்கள்

தள்ளாடி வரும் குடிகாரத் தாத்தாவை மேடையேற்றினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் நம்மை வைத்தே நம்மை அடிக்கிற வேலை அது. வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களையும் விட்டுவிடுங்கள். அவர்களும் அதே குழாயில்தான் குளிக்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் தொடுங்கள்.

3. திட்டாமல் புகழுங்கள்

இதுதான் முக்கியமான படி. அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்களைப் பார்த்து என்ன சொன்னார்? உன்னுடையவை மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன; அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். ஒரு வசவுகூட இல்லை. பள்ளியில் படித்த வஞ்சப்புகழ்ச்சி இதுதான்.

நம் குழாய்க்கு வருவோம். வரவேற்புக் குழுச் செயலாளர் ஒருவரைப் பேச விடுங்கள்:

“மாண்புமிகு அவர்களே! போன தேர்தலில் இந்தக் குழாயைத் திறந்து வைத்தீர்கள். இந்தத் தேர்தலில் அதே குழாயைத் திறந்து வைக்க வந்திருக்கிறீர்கள். நல்ல தண்ணீர் வந்துவிட்டால் எங்களைப் பார்க்க எதற்கு வருவீர்கள் என்ற கவலையில், பழுது பார்க்க வந்த பிளம்பரை நாங்களே விரட்டிவிட்டோம்!”

முதல் இரண்டு வரிகள் ஊரார் பார்த்த விஷயம். மூன்றாவதில்தான் மிகை. வரிசையை மாற்றினால் வெறும் கூத்தாகிவிடும். செயலாளராக நடிப்பவர் சிரிக்கவே கூடாது; தலைவரை அவர் மனதார நம்ப வேண்டும்.

4. எண்ணில் கை வைக்காதீர்கள்

மிகை நடத்தையில் இருக்கட்டும், கணக்கில் வேண்டாம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அதை 700 என்று எழுதினால், ‘இதுவே பொய்’ என்று ஒருவர் எழுந்து நின்றால் போதும், சொன்ன உண்மையெல்லாம் அடிபட்டுப் போகும். அதே 1,700-க்குள் ஒரு குடும்பம் அரிசி, பள்ளி பஸ், மோட்டார் தவணை எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பதை மேடையில் கூட்டிக் காட்டுங்கள்.

5. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

1948-இன் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. டுவிட்டர் பதிவுகளுக்காகக் கார்ட்டூனிஸ்ட் ஸூனார் மீது 2015-இல் அந்தச் சட்டத்தின் கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தினார்கள். 2018-இல் அவை மீட்டுக்கொள்ளப்பட்டன. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இனம், மதம், அரசர் விஷயங்களைத் தொடாதீர்கள். யார் பெயரையும் போட்டு, செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள். பதவியைச் சொன்னாலே ஊருக்குப் புரியும்.

எழுதி முடித்ததும் லயத்தில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த வரி அவர்களுக்கு உறுத்துகிறது என்று கேளுங்கள். எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் சரி, அதை எடுத்துவிட்டு ஒத்திகைக்குப் போங்கள்.