பாமினியிலிருந்து சப்டைட்டிலுக்கு

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் டைப்பிங் கடைகளில் பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்களுக்கு, காணொளிகளுக்கு சப்டைட்டில் போடுவது நல்ல பகுதிநேர வேலை. ஒரு சிக்கல்: பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா'கூட ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். கைப்பழக்கத்தை மாற்றத் தேவையில்லை; என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைமுறையைத் தெரிவு செய்தால் யூனிகோடாகவே விழும்.

சப்டைட்டில் போட 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருள் இலவசம். பழகுவதற்குத் தினமும் 3 நிமிடக் காணொளி ஒன்று போதும். திரையில் 2 வரிக்கு மேல் வேண்டாம், 7 வினாடிக்கு மேல் நிற்கவும் வேண்டாம். புதியவர்கள் சறுக்குவது வரி முறிப்பில்தான். 'வீட்டுக்கு' ஒரு வரியிலும் 'முன்னால்' அடுத்ததிலும் விழுந்தால் வாசிப்பவர் தடுக்குவார்; இரண்டையும் சேர்த்தே கீழே இறக்குங்கள். பேச்சை அப்படியே கொட்டாமல் சுருக்குங்கள். சப்டைட்டில் வரிகள் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவில் சேமியுங்கள், இல்லையேல் வெறும் கேள்விக்குறிகள்தான் போய்ச் சேரும்.

கூலியைக் காணொளி நிமிடத்துக்குப் பேசுங்கள். 1 நிமிடக் காணொளி ஆரம்பத்தில் 15 நிமிடம்கூட இழுக்கும், அதையும் கணக்கில் எடுங்கள். ஃபைவர் என்ற இணைய வேலைத் தளத்தில் 20 சதவீதம் கழியும்: 50 டொலர் வேலைக்குக் கையில் 40தான்.