வீல்செயார் பாஸ்கட்போல்ல மேல போக நினைக்கிற பிள்ளையளுக்கு

கொழும்பில இருந்துகொண்டு ஒரு பொம்பிளைப் பிள்ளை வீல்செயார் பாஸ்கட்போல்ல பெரிய லெவலுக்குப் போகேலுமோ எண்டு கேக்கிற ஆக்களுக்காக எழுதுறன். போகலாம். ஆனா பந்தைத் தொட முதல் செயாரை உங்கட உடம்பில ஒரு பாகமா ஆக்க வேணும், மிச்சமெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

இந்த விளையாட்டு எப்பவும் வீல்செயார்ல இருக்கிற ஆக்களுக்கு மட்டும் எண்டு நினைச்சு கன பேர் கிட்டவே வாறேல்லை. அப்பிடி இல்லை. ஜெய்ப்பூர் கால் போட்டு நடக்கிற பிள்ளை, போலியோ வந்து ஒரு கால் மெலிஞ்ச அக்கா, இவையும் விளையாடலாம், கால்ல நிரந்தரமான குறைபாடு இருக்குது எண்டு கிளாசிபிகேஷன் செய்யிற ஆக்கள், அதாவது உடம்பு எவ்வளவு இயங்குது எண்டு பாத்து கிளாஸ் எண்ட ஒரு புள்ளி குடுக்கிற ஆக்கள், பாத்து ஏற்றுக்கொண்டா சரி.

செயார் விஷயத்தில அவசரப்பட வேண்டாம். ஆஸ்பத்திரி செயார்ல பழகினா கையும் போகும் ஆசையும் போகும், அதுக்காக உடன கடன்பட்டு ஸ்போர்ட்ஸ் செயார் வாங்கவும் கூடாது. சில்லு ரெண்டும் கீழ்ப்பக்கம் அகண்டு சரிஞ்சு நிக்கிறது, பின்னால குட்டிச் சில்லு, முன்னால இடி தாங்கிற கம்பி, இதுதான் பாஸ்கட்போல் செயார். முதல்ல ஒண்டை இரவல் எடுத்துப் பழகுங்கோ. ஏனெண்டா சீட் எவ்வளவு உயரம் இருக்கலாம் எண்டது உங்கட கிளாஸ்ல தங்கியிருக்குது, 3.0 வரைக்கும் உள்ள ஆக்களுக்கு குஷனோட சேத்து 63 சென்டிமீட்டர், 3.5உம் அதுக்கு மேலயும் எண்டா 58தான். இடுப்புக்கு இறுக்கமா இருக்கோணும், பெல்ட்டும் கட்டோணும், நீங்கள் திரும்பினா செயாரும் அதே நேரம் திரும்போணும். எங்க செயார் கிடைக்கும் எண்டு ராகம புனர்வாழ்வு ஆஸ்பத்திரி பிசியோ மிஸ்ஸிட்டயும் தேசிய பராலிம்பிக் கமிட்டியிலயும் வெக்கப்படாமக் கேளுங்கோ.

இனிப் பழகுறது. கொஞ்சக் காலத்துக்கு பந்து வேண்டாம். காலி வீதிப் பேவ்மென்ட்டில இது சரிவராது, ஸ்கூல் கோர்ட் ஒண்டில ஞாயிறு காலமை வெயில் ஏற முதல் இடம் கேட்டு எடுங்கோ. கோர்ட் 28 மீட்டர் நீளம், ஒரு அந்தத்தில இருந்து மற்ற அந்தத்துக்கு முழு வேகத்தில போறது, சட்டெண்டு நிப்பாட்டுறது, ஒரு கையால மட்டும் திருப்புறது, பின்னுக்கு ஓடுறது, இதையே திருப்பித் திருப்பி, முக்கியமா நிண்ட இடத்தில இருந்து முதல் மூண்டு தள்ளு எவ்வளவு வேகம் எண்டதுதான் மட்ச்சில உங்களைக் காப்பாத்தும். பிறகு பந்தை மடியில வச்சு ரெண்டு தரம் தள்ளலாம், மூண்டாவது தள்ளுக்கு முதல் நிலத்தில தட்டோணும், இல்லாட்டி ட்ரவலிங் எண்ட சட்டமீறல். பந்தைத் தட்டி நிப்பாட்டினாப் பிறகு திரும்பத் தட்டக் கூடாது எண்ட டபிள் ட்ரிபிள் சட்டம் இதில இல்லை. சீட்டில இருந்து பின்பக்கத்தைத் தூக்கினா டெக்னிக்கல் பவுல்.

வளையம் நிண்டு விளையாடுற ஆக்களின்ட அதே 3.05 மீட்டர் உயரம்தான். எங்கட ஸ்கூல் நெட்போல் வளையமும் அதே உயரம், ஆனா வட்டம் சின்னன், பலகையும் இல்லை, அதில எறிஞ்சு பழகின பிள்ளைக்கு பாஸ்கட்போல் வளையம் லேசாத் தெரியும். பந்து மட்டும் 6ஆம் சைஸ் எடுங்கோ, பெண்களுக்கு அதுதான்.

கிளாஸ் எண்டது 1.0 இல இருந்து 4.5 வரைக்கும், உடம்பு இயக்கம் கூடக் கூடப் புள்ளியும் கூடும், சர்வதேச மட்ச்சில கோர்ட்டுக்குள்ள இருக்கிற அஞ்சு பேரின்டயும் கூட்டு 14ஐத் தாண்டக் கூடாது. இடுப்புக்கு மேலயும் பலம் குறைஞ்ச பிள்ளையள், 1.0, 1.5 காரர், நான் எப்பிடி கோல் போடுறது எண்டு மனம் உடைஞ்சு நிண்டுவிடுகினம், அதைப் பாக்க எனக்கு உண்மையிலயே கவலையா இருக்கும். கணக்கைப் பாருங்கோ. ரெண்டு 4.5 ஆளை இறக்கினாலே 9 போயிட்டுது, மிச்ச மூண்டு பேருக்கும் சேத்து 5தான், அப்ப நல்ல 1.0 இல்லாட்டி 1.5 ஆள் ஒண்டாவது இல்லாம எந்த டீமும் அந்த ரெண்டு பெரிய ஆக்களையும் ஒண்டா இறக்கேலாது. அந்தக் குறைஞ்ச புள்ளிப் பிள்ளையின்ட வேலை தன்ர செயாரால எதிராளியின்ட செயாரை மறிச்சு வழி திறந்து விடுறது. உயரமான ஒரு ஆளை ஒரு சின்னப் பிள்ளை சரியான கோணத்தில மறிச்சா அந்த ஆளுக்கு எழும்பித் தாண்டவும் ஏலாது, சுத்தி வரத்தான் வேணும், அதுக்குள்ள கோல் விழுந்திடும். ஸ்கோர் ஷீட்டில அவவின்ட பேர் வராது, கோச்சின்ட கண்ணில வரும்.

தனிப் பெண்கள் டீம் வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்காம ஆம்பிளைப் பிள்ளையளோட சேந்து விளையாடுங்கோ. ஜெர்மனி லீக்கிலயே ரெண்டு பேரும் ஒரே டீமிலதான். அன்னிகா ட்சாயென் எண்ட ஜெர்மன் பிள்ளை குதிரையால விழுந்து நடக்கேலாமப் போனவ, பிறகு அமெரிக்காவில அலபாமா யூனிவர்சிட்டியில படிச்சு விளையாடி 2012 லண்டனில தங்கம் எடுத்தவ. ஆப்கானிஸ்தான் பெண்கள் வீல்செயார் பாஸ்கட்போல் டீமுக்கு கப்டனா இருந்த நிலோபர் பயாத் 2021இல நாட்டை விட்டு வெளிக்கிட்டு ஸ்பெயினில பில்பாவோ கிளப்பில சேந்தவ. அம்மா அப்பா பயந்தா இவையின்ட கதையைச் சொல்லுங்கோ, முதல் நாள் பிராக்டிஸுக்கு கூட்டிக்கொண்டும் போங்கோ.

உடம்பைப் பற்றி ஒண்டு கட்டாயம். போற இடத்தில எங்களுக்கு ஏத்த டொய்லட் இல்லை எண்டு தண்ணி குடிக்காம இருக்கிற பழக்கம் எங்கட பொம்பிளைப் பிள்ளையளிட்ட நிறைய. தயவுசெய்து விடுங்கோ. கொழும்பு வெக்கையில முள்ளந்தண்டு மேல்பக்கம் அடிபட்ட ஆக்களுக்கு காயத்துக்குக் கீழ வேர்க்காது, சூடு உள்ளுக்கையே நிக்கும், அதோட யூரின் இன்பெக்ஷனும் வந்தா கிழமைக்கணக்கா படுக்கைதான். இடத்தை முதலே போய்ப் பாருங்கோ, தண்ணி ஸ்ப்ரே போத்தல் ஒண்டு கொண்டு போங்கோ. பிராக்டிஸ் முடிஞ்சு வீட்டை வந்து செயாரில அழுந்திற பின்பக்கத்தில தோல் சிவந்திருக்கா எண்டு கண்ணாடி வச்சுப் பாருங்கோ, சிவப்பு போகாட்டி அது மாறும் வரைக்கும் செயாரில ஏற வேண்டாம். தோள்மூட்டுக்கு ரப்பர் பாண்ட் எக்சர்சைஸ் ஒவ்வொரு நாளும், இழுக்கிற பக்கம்தான் கூட, தள்ளுறது ஏற்கனவே நிறையச் செய்யிறீங்கள்.

படிப்பை விட வேண்டாம். அமெரிக்காவில இல்லினாய், அலபாமா யூனிவர்சிட்டிகளில பெண்கள் டீம் இருக்குது, அங்க போக ஏ.எல் ரிசல்ட்டும் இங்கிலீசும் வேணும். கோச்சுக்கு அனுப்பிற வீடியோவில கோல் போட்டதை மட்டும் வெட்டி ஒட்டாதேங்கோ. வெட்டாத மட்ச் ஒரு குவாட்டர் முழுசா, அதோட முழு வேகத்தில ஓடி நிப்பாட்டித் திரும்புறது, ரெண்டு பக்கத்தாலயும் மறிக்கிறது, உங்கட கிளாஸ், செயார் அளவு, வயசு, இதெல்லாம் போட்டு அனுப்புங்கோ. பதில் வராட்டி அடுத்த சீசன் தொடங்க முதல் புது வீடியோவோட திரும்ப அனுப்புங்கோ.